புள்ளியும் கூட்டல் குறியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காக பிஎச்பி மொழியில் ரசீது அச்சிடும் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பொருளின் விலை 1200 ரூபாய், வரி 216 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1416 என்று வந்திருக்க வேண்டும். திரையிலோ ‘மொத்தம்’ என்ற சொல்கூட இல்லாமல் 216 மட்டும் தனியாக நின்றது. மாறிகளின் (மதிப்புகளைத் தாங்கும் பெயர்களின்) இடத்தில் மதிப்புகளை வைத்துப் பார்த்தால், நான் எழுதிய கோவை இதுதான்:

"மொத்தம்: " . 1200 + 216

பிஎச்பியில் புள்ளி என்பது சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, ஒட்டும் செயற்குறி. எந்தச் செயற்குறியை முதலில் கணிப்பது என்ற வரிசையே முன்னுரிமை; 7ஆம் பதிப்பு வரை அதற்கும் கூட்டல் குறிக்கும் ஒரே முன்னுரிமைதான் இருந்தது. ஆகவே கோவை இடமிருந்து வலமாகக் கணிக்கப்பட்டு, முதலில் "மொத்தம்: 1200" என்ற சரம் உருவாகி, பிறகு அந்தச் சரத்தோடு 216 கூட்டப்பட்டது. எண்ணில் தொடங்காத சரத்தின் எண்மதிப்பு 0 என்று கொள்ளப்படுவதால், விடை 216 ஆயிற்று. எச்சரிக்கைகளைத் திரையில் காட்டாதபடி அமைத்திருந்தேன். அதனால் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. 2020இல் வெளியான 8ஆம் பதிப்பு கூட்டலுக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்துவிட்டதால், அதே வரி இப்போது 1416 என்று சரியாகவே காட்டும்.

பள்ளியில் படித்த கணித விதிகள் எல்லா நிரல்மொழிக்கும் பொது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். ஆனால் -2 ** 2 என்று (** என்பது அடுக்குக் குறி) பைத்தான் மொழியிடம் கேட்டால், அடுக்கை முதலில் கணித்து -4 என்கிறது; எக்செல் கட்டத்தில் அதையே =-2^2 என்று இட்டால், கழித்தல் குறியை எண்ணோடு சேர்த்துக்கொண்டு 4 என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழி இரண்டு விடையும் தராமல், இலக்கணப் பிழை என்று சொல்லி நிரலையே ஏற்க மறுக்கிறது. எழுதியவர் எதை நினைத்தார் என்று ஊகிக்காமல் அடைப்புக்குறி கேட்கும் அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முன்னுரிமை சமமாக இருக்கும்போது எந்தத் திசையில் கணிப்பது என்பதும் இதே அளவு முக்கியமானது. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 2 ** 3 ** 2 என்பது வலப்பக்கத்திலிருந்து கணிக்கப்படுவதால், விடை 64 அன்று, 512. 3 > 2 > 1 என்பதைப் பைத்தான் கணித நூலில் உள்ளபடியே படித்து உண்மை என்கிறது; ஜாவாஸ்கிரிப்ட் முதல் ஒப்பீட்டின் விடையான ‘உண்மை’யை 1 என்று கொண்டு, 1 > 1 என்பது பொய் என முடிக்கிறது.

அந்த ரசீது வரியை அன்றே "மொத்தம்: " . (1200 + 216) என்ற வடிவத்துக்கு மாற்றினேன். கடையின் நிரல் 8ஆம் பதிப்புக்கு மாறியபோது, உடன் பணிபுரியும் நண்பர் அடைப்புக்குறி இனித் தேவையில்லை என்று நீக்கப் பார்த்தார், நான் விடவில்லை.