மோட்டார் நின்ற நொடியில் எழுத்துகள் சிதறியது ஏன்?

எங்கள் வீட்டின் மாடிப்படி அறைக்கு மேலே 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும், வாசலுக்கு அடியில் ஒரு சம்பும் (நிலத்தடித் தொட்டி) உள்ளன. மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகும் அம்மா, தொட்டி நிரம்பிப் பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் வழியும் சத்தம் கேட்ட பிறகே ஓடி வந்து அணைப்பது பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டே அப்படி வழியவிடுவது எனக்கு மிகவும் உறுத்தியது. அதனால் தொட்டியின் நீர்மட்டத்தைத் தானே அளந்து மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் கூடிய ஒரு கருவியை, நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ கொண்டு செய்யத் தொடங்கினேன்.

பலகையைச் சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில் வாங்கினேன். 2005-ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோவின் வரைபடங்கள் எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டிருப்பதால், அதே அமைப்பில் யார் செய்த பலகையும் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடுகிறது. அதிலுள்ள ஏடிமெகா328பி சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட்டும், தற்காலிக நினைவுக்கு 2 கிலோபைட்டும் மட்டுமே உண்டு. ஒரு தொட்டியைக் கவனித்துக்கொள்ள அது தாராளமாகவே போதும்.

நீர்மட்டத்தை அளக்க முதலில் இரண்டு செம்புக் கம்பிகளைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, தண்ணீர் தொட்டதும் மின்னோட்டம் பாய்கிறதா என்று பார்த்தேன். சில வாரங்களில் ஒரு கம்பி பச்சை பிடித்து அரித்துப்போனது. ஒரே திசையில் ஓயாமல் மின்னோட்டம் பாய்ந்தால் மின்பகுப்பு நடந்து நேர்முனைக் கம்பி கரையும் என்பது பள்ளியில் படித்ததுதான் என்றாலும், கையில் அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்தபோதுதான் அது எனக்கு முழுதாக உறைத்தது. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் பயன்படும் தண்ணீரில் செம்பைக் கரைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததால், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தூரத்தை அளக்கும் மீயொலி உணரிக்கு மாறினேன். பலரும் முதலில் வாங்கும் இரட்டைக் கண் உணரி திறந்த அமைப்புடையது. தொட்டிக்குள் எப்போதும் இருக்கும் ஈரத்தில் நெடுநாள் தாங்காது. காரின் பின்புறம் பொருத்துவதைப் போன்ற, நீர் புகாத ஒற்றைக் கண் உணரியே தொட்டிக்கு ஏற்றது. ஆனால் கண்ணுக்கு மிக அருகில், ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்குள், இருக்கும் எதையும் அதனால் சரியாக அளக்க முடியாது. ஆகையால் தொட்டி மூடியில் துளையிட்டு, அதன் மேல் ஒரு குட்டையான பி.வி.சி. குழாயை நிறுத்தி, அதன் உச்சியில் உணரியைப் பொருத்தினேன்.

அளக்கும் முறை எளிது. ஒலி கிளம்பிப் போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை மைக்ரோவிநாடியில் எண்ணி 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். வெயில் ஏறினால் ஒலி சற்று வேகமாகப் போகும். 20 பாகை செல்சியஸில் விநாடிக்கு 343 மீட்டராக இருப்பது 40 பாகையில் 355 மீட்டரைத் தொடும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் பிழை வரும் என்பதால் தொட்டி நிரம்பும் எல்லையைக் கொஞ்சம் கீழேயே வைத்தேன். மோட்டார் ஓடும்போது தண்ணீர் விழுந்து அலையடிப்பதால் ஒற்றை அளவை நம்பாமல், ஏழு முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்கிறேன்.

இதுவரை எல்லாம் மேசையிலேயே முடிந்த வேலை. 230 வோல்ட் பக்கத்தை மட்டும் நான் தொடவில்லை. எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்தேன். ஆர்டுயினோவின் கட்டளைக்கு ஏற்பத் திறந்து மூடும் சிறு சுவிட்சான ரிலேயைப் பார்த்ததும் அவர், "தம்பி, இதுல நேரா மோட்டாரக் கட்டாதீங்க, ஸ்டார்ட் ஆகுறப்ப இழுக்குற கரண்டுக்குப் பாயின்ட் ஒட்டிக்கும். ஒரு காண்டாக்டர் போட்டுத் தர்றேன்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 10 ஆம்பியர் என்று எழுதப்பட்ட சிறிய ரிலேயின் முனைகள் அந்தச் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டால், நிரல் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது. ஆகவே ஆர்டுயினோ ரிலேயை இயக்கும், ரிலே கீழே உள்ள காண்டாக்டர் என்னும் பெரிய மின்காந்த சுவிட்சின் சுருளை இயக்கும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கும் என்று ஏற்பாடு ஆனது.

மாட்டிய முதல் நாளே சிக்கல் தொடங்கியது. தொட்டி நிரம்பி மோட்டார் நின்ற அதே நொடியில், பெட்டியின் முகப்பில் நீர்மட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்த இரண்டு வரித் திரையில் எழுத்துகள் சிதறி, கட்டங்களும் அறியாத குறிகளுமாக நிறைந்தன. சில வேளைகளில் பலகையே தானாக மறுபடி துவங்கியது. அப்படித் துவங்கும்போதெல்லாம் கீழே காண்டாக்டர் ஒருமுறை டக்கென்று அடித்து ஓய்ந்தது.

ஒன்றாகத் தெரிந்த இந்தக் கோளாறு உண்மையில் மூன்று கோளாறுகள் என்பதைப் பிரித்தறியவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. முதலில் காண்டாக்டரை எலக்ட்ரீஷியன் அண்ணனைக்கொண்டே கழற்றவைத்து, ரிலேயை மட்டும் ஐம்பது முறை போட்டு நிறுத்தினேன். திரையில் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. பிறகு காண்டாக்டர் சுருளை மட்டும் இணைத்து, மோட்டாரை இணைக்காமல் பார்த்தபோது எழுத்துகள் மறுபடி சிதறின. அப்படியானால் காரணம் மோட்டார் இல்லை, சுருள்தான். சுருளில் பாயும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால், அதில் தேங்கியிருந்த காந்த ஆற்றல் உயர் மின்னழுத்தமாக எழும்பி, ரிலேயின் முனைகளுக்கிடையே பொறியாகத் தாவுகிறது. அந்தப் பொறியின் இரைச்சல் பக்கத்தில் ஓடும் மெல்லிய கம்பிகளிலும் ஏறிவிடுகிறது.

திரை ஏன் அப்படிச் சிதறியது என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தத் திரைகளை நான்கு தரவுக் கம்பிகளில் இணைக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பாதிகளாகப் பிரிந்து போகிறது. ஒரு தனிக் கம்பியில் துடிப்பு வரும்போதெல்லாம் திரை ஒரு பாதியை எடுத்துக்கொள்கிறது. இரைச்சலால் அந்தக் கம்பியில் ஒரே ஒரு பொய்த் துடிப்பு ஏறிவிட்டால், திரை இல்லாத பாதியொன்றை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முந்தைய எழுத்தின் பின்பாதியையும் அடுத்த எழுத்தின் முன்பாதியையும் சேர்த்தே படித்துக்கொண்டிருக்கும். நிரல் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. படிப்பவர் மட்டும் ஓர் அரை எழுத்து தள்ளிப்போயிருந்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் வரிகளைச் சேர்த்ததும், சிதறினாலும் தானே சரியாகிக்கொண்டது.

ஆனால் நோயின் வேர் சுருளில் இருந்தது. எழும்பும் அந்த மின்னழுத்தத்தை உறிஞ்ச, 100 ஓம் மின்தடையையும், 230 வோல்ட் மின்வழிக்கென்றே செய்யப்படும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை மின்தேக்கியையும் தொடராக இணைத்துச் சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே அந்த அண்ணன் பொருத்தித் தந்தார். ரிலேயின் முனைகளுக்குக் குறுக்கே இதைப் பொருத்துவோரும் உண்டு. அப்படிச் செய்தால் ரிலே திறந்திருக்கும்போதும் மின்தேக்கி வழியாகச் சுமார் 7 மில்லியாம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். சிறிய சுருள் அதற்கே ரீங்கரிக்கக்கூடும் என்பதால் சுருளின் பக்கமே நல்லது என்று முடிவு செய்தோம்.

பலகை மறுபடி துவங்கியதற்கு வேறு காரணம். என் ரிலே பலகையில், இரு பக்கங்களையும் கம்பியால் இணைக்காமல் ஒளியால் மட்டும் கட்டளையைக் கடத்தும் ஒளிவழிப் பிரிப்பான் இருந்தும், ஆர்டுயினோவின் 5 வோல்ட்டையும் ரிலேயின் 5 வோல்ட்டையும் இணைக்கும் ஜம்பர் என்னும் சிறு இணைப்பான் வாங்கியபடியே குத்தியிருந்தது. இரண்டும் ஒரே மின்சாரத்தைப் பகிர்ந்துகொண்டால் பிரிப்பான் இருந்தும் பிரிவு இல்லை. ஜம்பரைப் பிடுங்கிவிட்டு ரிலேக்கென்று ஒரு தனி அடாப்டரைக் கொடுத்தேன். அதன் தரைக் (எதிர்முனை) கம்பியையும் ஆர்டுயினோவின் தரையோடு சேர்க்கவில்லை. அன்றிலிருந்து பலகை தானாக மறுபடி துவங்கவில்லை.

அந்த டக் ஓசைக்கு என் நிரலே காரணம். என் ரிலே பலகை, அதற்குக் கட்டளை தரும் ஆர்டுயினோ முனை தாழ்நிலைக்கு (0 வோல்ட்) வந்தால் இயங்கும் வகை. முனையை வெளியீடாக அறிவித்த கணத்தில் அது இயல்பாகத் தாழ்நிலையில் இருக்கும். நிரலின் அடுத்த வரியில் உயர்நிலைக்கு (5 வோல்ட்) மாற்றுவதற்குள் ரிலே இழுத்துவிடுகிறது. முதலில் உயர்நிலை என்று எழுதிவிட்டுப் பிறகு வெளியீடாக அறிவித்ததும் ஓசை நின்றது. இரண்டு வரிகளை இடம் மாற்றியதுதான் திருத்தம்.

பாதுகாப்புக்காகச் சேர்த்தவை சில உண்டு. மோட்டார் ஓடத் தொடங்கி 5 நிமிடத்தில் நீர்மட்டம் 3 சென்டிமீட்டராவது ஏறாவிட்டால் சம்பு வறண்டுவிட்டது என்று கொண்டு நிறுத்திவிடும். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் வந்தால் 3 நிமிடம் பொறுத்தே மோட்டாரைத் தொடும். எங்கள் தொட்டி நிரம்ப 25 நிமிடம் ஆகும் என்பதால், உணரி என்ன சொன்னாலும் 40 நிமிடத்துக்கு மேல் ஓட விடாது. நிரல் எங்காவது சிக்கி நின்றால் 8 விநாடியில் சில்லைத் தட்டியெழுப்பும் காவல் கடிகாரத்தையும் இயக்கி வைத்துள்ளேன். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, கருவியைத் தாண்டி மோட்டாரை நேரடியாகப் போடும் பழைய சுவிட்சை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். அம்மாவுக்கு அது இருக்கும் இடம் இருட்டிலும் தெரியும்.

இப்போது எல்லாம் கம்பிகளைக் குத்தி வைக்கும் பிரெட்போர்டிலிருந்து, பற்றவைத்து நிலைநிறுத்தும் டாட் போர்டுக்கு மாறி, சால்டரிங் முடிந்து, ஒரு மின்னிணைப்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. அடுத்தது சம்புக்கான உணரி. அங்கிருந்து மாடிப்படி அறைக்கு ஏறத்தாழ 12 மீட்டர் கம்பி இழுக்க வேண்டும். அதே வழியில்தான் காண்டாக்டரின் 230 வோல்ட் கம்பியும் வருகிறது. இந்த முறை இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் பதித்துத் தருமாறு அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.