கச்சத்தீவு அந்தோணியாருக்கு அம்மா வைத்த நேர்ச்சை

தம்பி பிடிபட்டான் என்று தகவல் வந்த இரவு அம்மா அழவில்லை. நேராக அந்தோணியார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "என் பிள்ளையைக் கொண்டாந்து சேர்த்துடு. வர்ற திருவிழாவுக்கு உன் தீவுக்கே வந்து மெழுகுதிரி ஏத்துறேன்" என்றாள். எங்கள் தங்கச்சிமடத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். கடலில் தொலைந்ததைக் கேட்க வேறு யாரிடம் போவது?

அது 2023 கடைசி. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படைக்காரர்கள் படகோடு பிடித்துக்கொண்டு போனார்கள். பொங்கலுக்குள் ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள், படகு வரவில்லை. மறுபடி பிடிபட்டால் சிறைதான் என்று ஒத்திவைத்த தண்டனையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தம்பி வந்து சேர்ந்தான். அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே நேர்ச்சைக்குத் துணிமணி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள்.

2024 திருவிழா பிப்ரவரி 23, 24 தேதிகளில். ராமேசுவரம் வேர்க்கோடு கோயிலில் பெயர் கொடுத்து, பையும் கட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்து இங்கிருந்து படகு ஓட்டிப் போனவர்களுக்கு அக்கரையில் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். இங்கே மீனவர்கள் கொதித்துப்போய்த் திருவிழாவுக்கு ஒரு படகும் போகாது என்று முடிவெடுத்தார்கள். கோபம் நியாயம்தான். 2017-லும் இப்படித்தான், திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் நடுக்கடலில் சுடப்பட்டுச் செத்தான். அந்த வருடம் யாருக்குத்தான் போக மனசு வரும்? ஆனால் அம்மாவுக்கு இந்தத் தடவை பொறுக்கவில்லை. "போராட்டம் அரசாங்கத்தோட. அந்தோணியார் என்ன பண்ணினாரு?" என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை.

நேர்ச்சை தள்ளிப்போனால் வீட்டில் எது நடந்தாலும் அதனால்தான் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். அம்மாவுக்கு முட்டி வீங்கியது, ஆட்டுக்குட்டி செத்தது, என் மகன் கணக்கில் தோற்றான். மூன்றுக்கும் அந்தக் கடன்தான் காரணம் என்று ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால் 2025-ல், மார்ச் 14, 15 என்று தேதி தெரிந்தவுடனே விண்ணப்பம் வாங்கிவிட்டேன். ஆதார் நகல், போட்டோ, போலீஸில் தடையில்லாச் சான்று என்று ஒரு வாரம் அலைச்சல். "உங்க பேரை லிஸ்ட்ல மேல ஏத்தி நல்ல போட்ல போடுறேன்" என்று ஒருவர் வீடு தேடி வந்து பணம் கேட்டார். பட்டியல் கோயிலில் போடுவது, இவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார். அந்தோணியார் பெயரைச் சொல்லியும் பிழைக்கிறார்கள், என்ன செய்வது.

தம்பி வரவில்லை. "அக்கா, நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போ. எனக்கு அந்தக் கரையை நெனச்சாலே வயிறு கலங்குது" என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் அவனுடைய பழைய சட்டை ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

விடியுமுன்பே ராமேசுவரம் மீன்பிடித் துறைமுகத்தில் கூட்டம் அலைமோதியது. அந்த வருடம் இங்கிருந்து மட்டும் 3,000 பேருக்கு மேல். வரிசை என்று ஒன்று இருந்தது, அதில் நின்றவர்கள்தான் குறைவு. பையைத் திறந்து காட்டு, மூடு, அடுத்த மேசையில் மறுபடி திற. மெழுகுதிரிக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். வெளியே கொஞ்ச பேர் கச்சத்தீவை மீட்போம் என்று அட்டை பிடித்து நின்றார்கள். அவர்களுக்கு நாங்கள் வழிவிட்டோம், எங்களுக்கு அவர்கள் வழிவிட்டார்கள்.

படகில் ஏறியபிறகும் அந்தப் பேச்சு விடவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து, "இது எங்க மண்ணு, சேதுபதி மன்னரோட மண்ணு" என்று யாருக்கோ பேசிக்கொண்டே வந்தான். சொன்னதில் தப்பில்லை. ராமநாதபுரம் ஜமீன் கணக்கில் இருந்த தீவுதான். இலங்கைக்காரர்கள் அவர்கள் பக்கத்து வரைபடங்களைக் காட்டுகிறார்கள். 1921-லேயே சென்னை அரசும் கொழும்பும் உட்கார்ந்து கடலைப் பிரித்துப் பேசியிருக்கின்றன. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். 285 ஏக்கர் அந்தப் பக்கம் போயிற்று.

எதிரே வயசான ஒருவர் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பையன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "தம்பி, அங்க எங்கப்பா வலை காய வைப்பாரு. நானும் சின்னப்பிள்ளையில போய்ப் படுத்திருக்கேன். கோயில் கட்டினதே நம்ம பக்கத்து சீனிக்குப்பன் படையாட்சிதான். எல்லாம் சரி. நீ போனை வச்சிட்டு ஜெபமாலை சொல்லு" என்றார். படகே சிரித்தது. நாங்கள் விசா இல்லாமல் போவதும் அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவால்தான் என்று அவரே சொன்னார். மீனவரும் பக்தரும் முன்போலவே வந்துபோகலாம் என்று அதில் இருக்கிறதாம். மீன் பிடிப்பதை 1976-ல் இரண்டு அரசாங்கமும் மாற்றிக்கொண்ட கடிதங்கள் முடித்து வைத்தன. பக்தருடைய பாதி மட்டும் மிச்சம். அதுவும் போர்க்காலத்தில் நின்று, 2002-ல் கொஞ்சம் திறந்து, 2010-க்குப் பிறகுதான் ஒழுங்காக நடக்கிறது.

எல்லையில் நம் ரோந்துக் கப்பல் நின்றுவிட்டது. கொஞ்ச தூரத்தில் அவர்களுடையது காத்திருந்தது. எங்கள் டிரைவர் ஜி.பி.எஸ். பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "வருசம் பூரா இந்த எல்லைக் கோட்டையே பார்த்துப் பார்த்துக் கண்ணு போச்சு. இன்னைக்கு ஒருநாள் பார்க்காம போறேன்" என்றார்.

பெரிய படகுகள் கரைவரை போக முடியாது. மிதவை போட்டு இறக்கினார்கள். சீருடையைக் கண்டதும் அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கியது. கடற்படைப் பையன்கள் இரண்டு பேர் "அம்மே, மெல்ல, மெல்ல" என்று அவளைத் தூக்கி மணலில் நிறுத்தினார்கள். தாடி மீசை இல்லாத பையன்கள். என் மகனைவிட நாலு வயது கூட இருக்கலாம்.

தீவைப் பற்றி என்ன சொல்ல. முள்ளும் மணலும் வெயிலும். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, எல்லாம் கொண்டுவந்து கொடுத்ததுதான். பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாமல் பட்ட பாட்டை எழுத முடியாது. இத்தனை ஆயிரம் பேர் வருவார்கள் என்று தெரிந்தும் கழிப்பறைகளை அத்தனை தூரத்தில், அத்தனை குறைவாக வைத்த புண்ணியவான்களை அந்தோணியார்தான் மன்னிக்க வேண்டும். 2016 கடைசியில் திறந்த புதுக்கோயில் வெள்ளையாக நிற்கிறது. பக்கத்தில் பழைய சின்னக் கோயில். அம்மா புதுசைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பழையதின் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

கொடியேற்றம் முடிந்து சிலுவைப்பாதை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. சுடுமணலில் ஒவ்வொரு தலத்திலும் அம்மா முட்டி போட்டாள். வீங்கின முட்டி. வேண்டாம்மா என்றால் முறைக்கிறாள்.

இருட்டினபிறகு தேருக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் பாய் விரித்த பெண் நெடுந்தீவு. "வாங்கோ அம்மா, இதில இருங்கோ" என்று இடம் விட்டார். பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் புளிச்சோறு கொடுத்தோம். அம்மா தம்பி கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள், சட்டையை எடுத்துக் காட்டினாள். அவர் 'உச்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு என்ன வேண்டுதல் தாயி?" என்று அம்மா கேட்டாள்.

"எங்கட அவருக்கு வலை வாங்கோணும் அம்மா. மூண்டு தரம் அறுந்து போச்சுது. கடன்பட்டு வாங்கின வலை."

எப்படி அறுந்தது என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. தம்பி போனது இழுவைமடிப் படகு. அடிமண்ணை வாரிக்கொண்டு போகும் மடி அது. இரவில் இருட்டோடு இருட்டாகப் போய் இழுத்தால் அவர்கள் விரித்து வைத்த வலையும் சேர்ந்து போகும். இலங்கையில் 2017-லேயே அந்தத் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்து மீனவர்கள் கறுப்புக்கொடி கட்டிப் போராடுவதும் இதற்குத்தான். எங்கள் ஊரில் இதையெல்லாம் எல்லோரும் அறிவார்கள், வாய்விட்டுப் பேசுகிறவர்கள் குறைவு. அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் மடியில் அறுந்த நைலான் வலைத்துண்டு சிக்கி வந்ததைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தான். இன்றைக்கும் அதுதான் எங்கள் முருங்கைக்கு வேலி.

தேர் வந்தது. மார்ச் 14, முழுநிலா. விளக்கே வேண்டாம் போல வெளிச்சம். கையில் குழந்தை இயேசுவோடு அந்தோணியார் ஆடி ஆடி வருகிறார். தமிழில் ஒரு பாட்டு, நடுவில் சிங்களத்தில் ஒரு குரல், பின்னால் யாரோ குழந்தையைத் தேடிக் கத்துகிறார்கள், என் செருப்பு போன இடம் தெரியவில்லை. தேர் எங்கள் முன்னால் ஒரு நிமிஷம் நின்றது. ஏன் நின்றதோ, கூட்ட நெரிசலாக இருக்கும். எனக்கு எங்களுக்காகவே நின்ற மாதிரி இருந்தது.

அம்மா தம்பி சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரியை ஏற்றினாள். "என் பிள்ளையைக் கொடுத்துட்ட, ராசா. கொடுத்துட்ட" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலிருந்து இன்னொரு திரியை எடுத்து, தன் திரியில் பற்றவைத்து, நெடுந்தீவுப் பெண்ணின் கையில் கொடுத்தாள். "இவ வலையை..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி "இவ வலையை..." அவ்வளவுதான். தொலைந்ததைத் தேடித் தருகிறவரிடம் நம் வீட்டுப் படகு தொலைத்ததை எந்த வாயால் கேட்பது?

துணைக்கு வந்தவள்தான் நான். தம்பி பிடிபட்ட நாளிலிருந்து எனக்குக் கோபம் மட்டும்தான், ஒரு ஜெபம்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. அங்கே மணலில் விழுந்து அப்படி அழுதேன். எதற்கென்று இன்றும் தெரியவில்லை. அப்பனே, எங்களைக் கொண்டுபோய் உன் முன்னால் நிறுத்தினாயே. அம்மா உயிரோடு இருக்கும்போதே நிறுத்தினாயே. தம்பி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான் அந்த நேரத்தில். தூங்கிக்கொண்டிருந்தான்! அது போதாதா? நன்றி ஐயா, நன்றி.

காலைத் திருப்பலி, கொடியிறக்கம், சோப்பு வாங்கும் கூட்டம். நானும் நாலு சந்தன சோப்பும் தேங்காய் எண்ணெயும் வாங்கினேன். நெடுந்தீவுப் பெண் அம்மாவின் கையில் கொஞ்சம் பனங்கட்டி திணித்துவிட்டுத் தன் படகுக்கு ஓடினார். பெயர் கேட்க மறந்துவிட்டோம்.

திரும்பி இறங்கியதும் மைக்கை நீட்டினார்கள். "பாட்டி, கச்சத்தீவை மீட்கணும்னு வேண்டிக்கிட்டீங்களா?"

"முட்டிக்கு வேண்டிக்கிட்டேன்" என்றாள் அம்மா. அவர்கள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 2-ம் தேதி தீவை மீட்க வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். செப்டம்பர் 1-ம் தேதி இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கச்சத்தீவில் போய் இறங்கினார், விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார். டி.வி.யில் அந்தச் செய்தி ஓடும்போது தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அம்மா மட்டும் டி.வி.க்குப் பக்கத்தில் போய், அவரையும் சுற்றி நின்றவர்களையும் விலக்கிவிட்டுப் பார்க்கிறவள் மாதிரிக் கழுத்தை நீட்டினாள்.

"கோயிலைக் காட்ட மாட்டேங்கிறான் பாரு" என்றாள்.