ஒனிஜியைப் பார்க்க இரண்டு தடவை உயெனோ

ஒனிஜி என்ற கபுகி (ஜப்பானிய நாடகம்) நடிகரின் பழைய அச்சுப் படத்தைப் பார்க்க, தோக்கியோவின் உயெனோ பகுதிக்குப் போன கதை இது. போகும் வழி, சாப்பாடு எல்லாம் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சல்: திங்கட்கிழமை தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள். விடுமுறை. கேட் வரை நடந்துபோய்த்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடுப்பில் பக்கத்துச் சந்தில் ஒரு காபி குடித்தேன். 850 யென்! தொட்டுக்கொள்ள ஒரு பிஸ்கட்கூடத் தரவில்லை.

மறுநாள் மறுபடியும் ரயில் செலவு, அருங்காட்சியக டிக்கெட் 1000 யென். எல்லாம் ஷராக்கு என்ற ஒரு ஆளுக்காக. 1794 மே மாதம் எங்கிருந்தோ வந்து கபுகி நடிகர்களின் முகங்களை மரக்கட்டை அச்சில் வரைந்து தள்ளிவிட்டு, பத்தே மாதத்தில் காணாமல் போனவர்.

இரண்டாம் தளத்தில் உக்கியோ-ஏ அறை, அதாவது இந்த மாதிரிப் பழைய மரக்கட்டை அச்சுப் படங்களுக்கான அறை. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று படங்களை அடிக்கடி மாற்றுவார்கள். அன்று ஒனிஜி மாட்டியிருந்தது என் அதிர்ஷ்டம்.

மூன்றாம் ஓதானி ஒனிஜி (அந்தப் பேரில் மூன்றாவது நடிகர்), எதோபெய் என்ற அடியாள் வேஷத்தில். ஒரு அடி சொச்சம் உயரக் காகிதம், அவ்வளவுதான். கழுத்தை முன்னால் நீட்டி, வாயை இறுக்கி, பணத்தைப் பிடுங்கப் போகிறான். விரல்களை விரித்த இரண்டு குட்டிக் கைகள் நெஞ்சிலிருந்தே முளைத்த மாதிரி இருக்கின்றன. அளவு சுத்தமாகத் தப்பு. ஆனாலும் பயமாக இருக்கிறது.

போனில் நூறு தடவை பார்த்த படம். பின்னணி வெறும் கருஞ்சாம்பல் என்றே நினைத்திருந்தேன். தற்செயலாகக் குனிந்தேன்; பளிச்சென்று மின்னியது. மைக்காத் தூள்! நிமிர்ந்தால் அணைகிறது, முட்டியை மடக்கினால் திரும்ப வருகிறது. நான் தோப்புக்கரணம் போடுவதைக் காவலர் அம்மா கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

சுதாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளர் முகம் தெரியாத ஒரு புது ஆளை நம்பி, மைக்கா வரை போட்டு இவ்வளவு செலவு செய்திருக்கிறார். ஆனால் ஷராக்கு யாரையும் அழகாக்கவில்லை. பெண் வேஷக்காரர்களின் ஆண் தாடையைக்கூட அப்படியே போட்டுவிட்டார். ரொம்ப உண்மையாக வரையப் போய்த்தான் நிலைக்கவில்லை என்று அந்தக் கால எழுத்தாளர் ஓதா நான்போவே எழுதி வைத்திருக்கிறார். அதே நடிகர்களைத் தோயோகுனி என்ற இன்னொரு ஓவியர் மிடுக்காக வரைந்தார், ஓஹோவென்று இருந்தார். எனக்கென்னவோ அவர் படங்கள் சப்பென்றுதான் இருக்கின்றன.

சரி, போகும் வழி, சாப்பாடு எல்லாம் சொல்கிறேன் என்றேன் இல்லையா? உயெனோ ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது கடையில் ஒனிஜி தபால் அட்டை ஒன்றை எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். மின்னவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.