ஊரையும் எடுத்தேன், தேரையும் எடுத்தேன்

ஒரு அக்காவின் செய்தியில் சில வரிகளை வெட்டியது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தன் மனுசன் புலனாய்வுக்காரருக்குத் தகவல் கொடுக்கிறவர், அதனால்தான் பொலிஸில் தன் முறைப்பாடு எடுபடுவதில்லை என்பது அந்த அக்காவின் கதை. அடி உண்மை, முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பை நானே பார்த்தேன். தகவல் கொடுக்கிறவர் என்பதை யாரிடம் கேட்டு உறுதிப்படுத்துவது? செய்தியைப் போட்டோம். ஆனால் ஊரை எடுத்தேன், ஆட்டோ ஓட்டுகிறவர் என்பதை எடுத்தேன், தேரன்று கோயில் வீதியில் நடந்த சண்டையை எடுத்தேன். பெயரை மட்டும் மறைத்துப் பயனில்லை, ஆட்டோவும் தேரும் சேர்ந்தாலே எங்கள் சனம் ஆளைப் பிடித்துவிடும்.

அடுத்த நாள் அக்கா போன் எடுத்தா. “உது ஆரெண்டு ஆருக்குத் தம்பி விளங்கும்? எனக்கு நடந்த மாதிரியே இல்லையே.”

“எல்லாம் பாதுகாப்புக்குத்தான் அக்கா.”

“ஆருக்கு?” என்று கேட்டவ, வைத்துவிட்டா.

தலையாட்டிகளைக் கண்ட ஊர் இது. போர்க்காலத்து இராணுவச் சுற்றிவளைப்பில் சனத்தை வரிசையில் விட்டு, முகம் மூடிய ஒருவன் தலையசைத்தால் போதும், பிடிபட்டவர் திரும்பி வருவாரா என்று சொல்ல முடியாது. காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் விழுந்தவர்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டதும் இதே ஊரில்தான், அதற்கும் சந்தேகமே போதுமாக இருந்தது. இதெல்லாம் தெரிந்துகொண்டு, உறுதியில்லாத ஒன்றை வைத்து ஒரு ஆளை அச்சில் காட்டிக்கொடுக்க எனக்குக் கை வராது.

2022 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. பிரிட்டனின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எம்ஐ5இன் உளவாளி ஒருவர் தன் காதலியை வெட்டுக்கத்தியால் தாக்கிய செய்தியை பிபிசி வெளியிடலாம், ஆனால் ஆளை அடையாளம் காட்டக்கூடாது என்றது. மற்றப் பெண்களை எச்சரிக்க வேண்டாமா என்ற வாதம் எடுபடவில்லை. அதைப் படித்தபோது மனம் கொஞ்சம் ஆறியது உண்மை. அப்புறம் 2025 பெப்ரவரியில், அதே வழக்கில் எம்ஐ5 பொய்ச் சாட்சியம் கொடுத்திருந்தது வெளியானது. ஒருவர் உளவாளியா இல்லையா என்று யாருக்கும் சொல்வதில்லை, இவர் விஷயத்திலும் சொல்லவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னவர்கள், பிபிசி செய்தியாளரிடம் போனில் தாங்களே சொல்லியிருந்தார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். அதனால் தடையே பிழை என்று ஆகிவிடாது, உயிராபத்து உயிராபத்துத்தான். ஆனால் யாருடைய பேச்சை நம்பி மறைக்கிறோம் என்பது அதன் பிறகு என்னை விடவில்லை.

அங்கே தடையும் காரணமும் எழுத்தில் இருந்தன, திரும்பப் போய்த் தட்டிக்கேட்க ஒரு இடமும் இருந்தது. நான் வெட்டிய வரிகளுக்கு அப்படி எதுவும் இல்லை, எந்த நீதிமன்றமும் என்னை வெட்டச் சொல்லவும் இல்லை. அக்கா யாரிடம் போய் மேன்முறையீடு செய்வா? இனி இப்படி ஒருவர் வந்தால் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு வரியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்டால் ஒன்றையும் எடுக்காதே என்பார்கள், அப்போதும் நான் எடுக்கத்தான் போகிறேன். பிறகு எதற்குக் கேட்பது என்றால், அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.