இனம் என்ற கட்டத்தின் முன்னால்

2001 ஜூலை. இலங்கையின் தேயிலை மலைகளில், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். தொகைமதிப்புப் படிவங்களை, அதாவது மக்கள் கணக்கெடுப்புப் படிவங்களை, பொலித்தீன் உறையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி பணிய லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் கீழ் வரிசை வீடுகளுக்கு, இறங்கினேன். அப்போது தோட்டப் பாடசாலை ஒன்றில் ஐந்தாம் ஆண்டுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1981க்குப் பிறகு இருபது வருடம் கழித்து நாட்டில் நடந்த தொகைமதிப்பு அது. வடக்கு கிழக்கில் யுத்தத்தால் பல இடங்களில் எடுக்க முடியவில்லை. எங்கள் மலைகளில் எடுத்தோம். எனக்கு அதுதான் முதல் தடவை.

தொங்கல் காம்பராவில், லயத்தின் கடைசி வீட்டில், ஓர் அம்மாயி இருந்தார். பெயர், வயது, கூரைத் தகரம், தண்ணீர்ப் பீலி எல்லாம் கேட்டு முடித்து, "இனம்?" என்றேன்.

"என்னா டீச்சரம்மா, சாதியவா கேக்குறீங்க?"

பயிற்சி வகுப்பில் இதற்கு யாரும் பதில் சொல்லித் தரவில்லை. தோட்டத்தில் இனம் என்றால் சொந்தம், சாதி. அரசாங்கம் கேட்கும் இனம் வேறு. விளக்கிச் சொன்னேன். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று வாசித்தும் காட்டினேன். அம்மாயி கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க தாத்தா திருச்சிப் பக்கம்னு சொல்லுவாரு. நான் கண்டியத் தாண்டிப் போனதில்லையே. எங்க ஆத்தா அப்பன் பொதைச்சது இந்த மலையிலதான்" என்றார்.

இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், மழைக்கு ஒதுங்கி நின்ற தோட்டத்து மேலாள் கணக்கப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தார். "இந்தியத் தமிழர்னு போடுங்க டீச்சர். தோட்டம் பூரா அதுதானே." அம்மாயி உடனே முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "ஐயா சொல்றதையே எழுதிக்கங்க" என்றார்.

எழுதினேன். அதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த காம்பராக்களில் நேரம் போகிறதே என்று அந்தக் கேள்வியைக் கேட்காமலே அடையாளம் போட்டேன். பன்னிரண்டு வீடு இருக்கும். கேட்டு, சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. அந்த வேலையை நான் செய்யவில்லை.

அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். இலங்கையில் முறையான முதல் தொகைமதிப்பு 1871இல் நடந்தது. அப்போது தமிழர் என்று ஒரே தலைப்பு. 1911இல்தான் அது இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டானது. கணக்குக்காகப் போட்ட ஒரு கோடு. ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்தான் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கடைசிப் பேருக்கும் பிரஜாவுரிமை கிடைக்க வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. நான் அந்த லயத்தில் அடையாளம் போட்ட நாளில் அது இன்னும் வரவில்லை. கணக்கப்பிள்ளை சொன்ன சொல்லுக்கு அம்மாயி அவ்வளவு சீக்கிரம் பணிந்ததன் காரணம் எனக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

2012 மார்ச்சில் நான் மேற்பார்வையாளர். பயிற்சியின்போது எழுந்து நின்று கேட்டேன்: "பிள்ளைகள் எல்லோரும் தங்களை மலையகத் தமிழர் என்கிறார்கள். படிவத்தில் ஏன் அது இல்லை?" வகுப்பு நடத்திய உத்தியோகத்தர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. தேநீர் இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

ஒரு கேள்வி படிவத்துக்குள் வருவது இலேசல்ல. அமைச்சுகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் என்ன தரவு வேண்டும் என்று கேட்பார்கள். கேட்பதையெல்லாம் போட்டால் ஒரு வீட்டுக்கு அரை நாள் போகும், செலவும் தாங்காது. கொஞ்ச வீடுகளில் முன்னோட்டமாகக் கேட்டுப் பார்ப்பார்கள், சனங்களுக்கு விளங்குகிறதா என்று. பிறகு சட்டப்படி அரசாங்க அறிவித்தலான வர்த்தமானியில் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, போன தடவையோடு ஒப்பிட முடிய வேண்டும். "சொல்லை மாத்தினா முப்பது வருஷக் கணக்கு அறுந்து போகும் டீச்சர்" என்றார்.

ஒப்பீடு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1971 வரை கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று பிரித்து எழுதிய அட்டவணை 1981இல் சிங்களவர் என்று ஒன்றானதே? அப்போது யாருடைய கணக்கும் அறுந்துபோனதாக நான் கேள்விப்படவில்லை. மாற்ற வேண்டும் என்று நினைத்தால் மாற்றலாம். யார் கேட்கிறார்கள், எவ்வளவு காலம் விடாமல் கேட்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

வெளியிலும் இப்படித்தான். இங்கிலாந்தில் 2001இல் சமயத்தைக் கேட்பதற்கே தனிச் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. விரும்பினால் மட்டும் பதில் சொல்லலாம் என்று வைத்தார்கள். இந்தியாவில் ஜார்க்கண்ட் ஆதிவாசிகள் தங்கள் சர்ணா வழிபாட்டுக்குத் தனிக் குறியீடு கேட்டுப் போராடுகிறார்கள். 2020 நவம்பரில் அந்த மாநிலச் சட்டசபை அதற்காகத் தீர்மானமே நிறைவேற்றியது.

சமயக் கேள்வியில் நமக்கு அவ்வளவு சிக்கல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பௌத்தம், இந்து, இஸ்லாம், உரோமன் கத்தோலிக்கம், ஏனைய கிறிஸ்தவம், ஏனையவை. அவ்வளவுதான். 2012இல் ஒரு வீட்டில் தகப்பனார் தேயிலை ஃபெக்டரியில் உருளையில் வேலை செய்தவர். யந்திரத்தைக் காக்கும் ரோதமுனிக்குப் பொங்கல் வைக்காமல் சில்லு சுற்றாது என்பார். தாய்க்கு மாரியம்மன். மகன் கிறிஸ்தவ சபைக்குப் போகிறான், அக்கம்பக்கத்துக்குச் சொல்லவில்லை. என்னுடன் வந்த கணக்கெடுப்பாளர் கேட்டபோது தகப்பனாரே எல்லோருக்கும் சேர்த்து "இந்து" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பேனாவை வாங்கி வைத்துவிட்டு, "தம்பி, ஒங்களுக்கு நீங்களே சொல்லலாம்" என்றேன். அவன் தகப்பனைப் பார்த்தான். "அப்பா சொன்னதே இருக்கட்டும் டீச்சர்." ரோதமுனியும் மாரியம்மனும் பையன் இரகசியமாகப் பாடும் பாட்டும் ஒரே கட்டத்துக்குள் போயின. ஆனால் இந்த முறை கேட்டோம். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிது.

எண்களைப் பார்க்கும்போது இப்போதும் மனம் பதறுகிறது. 1971இல் இந்தியத் தமிழர் 11,74,606 பேர். 1981இல் 8,18,656. கப்பலேறிப் போனவர்கள் போக, இலங்கைத் தமிழர் என்று மாற்றிச் சொன்னவர்களும் அதில் இருக்கிறார்கள். 2012இல் 8,39,504. நாட்டின் சனத்தொகை ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடி தாண்டிய முப்பது வருடத்தில் நாங்கள் மட்டும் வளரவேயில்லையா? லயங்களில் தொட்டில் கட்டாத வருடம் எது? ஆட்கள் இருக்கிறார்கள், சொல்லை விட்டு விலகிப் போகிறார்கள். சொல் அவர்களுடையதாக இருந்திருந்தால் விலகியிருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம். பங்கீடும் பிரதிநிதித்துவமும் பேசும் மேசையில் இந்த எண்ணைத்தான் எடுத்து வைக்கிறார்கள் என்பதால் இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல.

2021இல் நடக்க வேண்டியது கொரோனாவாலும் பொருளாதார நெருக்கடியாலும் தள்ளிப்போய் 2024இல் நடந்தது. அதற்கு முந்தைய வருடம், எங்கள் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்து இருநூறு வருடம் என்று, மலையகம் இருநூறு என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்ததற்குப் பலனாக, முடிவு அட்டவணையில் இந்தியத் தமிழர் என்பதற்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு மலையகத் தமிழர் என்றும் வந்தது. ஆனால் நாட்டின் சனத்தொகையில் எங்கள் விகிதம் 2012இல் இருந்த 4.1 வீதத்திலிருந்து 2.8 வீதமாக இறங்கிவிட்டது. இலங்கைத் தமிழர் 12.3 வீதம் ஆனார்கள்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். டெப்லெட்டோடு வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "இனம் டீச்சர்?" என்று முறையாகக் கேட்டாள். மலையகத் தமிழர் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பதிந்தாளா என்று எட்டிப் பார்த்தேன். பதிந்தாள்.

அன்றிரவு கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கும் மகளுக்கு அழைத்தேன். அங்கேயும் வந்து போய்விட்டார்களாம்.

"என்னம்மா சொன்ன?"

"இலங்கைத் தமிழர்னு சொன்னேம்மா."

நான் ஒன்றும் பேசவில்லை. அவளே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"வீட்டுக்கார அம்மா பக்கத்துல நின்னாங்க."