எதுவரைக்கும் போறீங்க?

வைகை எக்ஸ்பிரஸில் பக்கத்து சீட்டுக்காரர் பெயரைக் கேட்பதில்லை. "எதுவரைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. திருச்சி என்றால் சன்னலோரம் சீக்கிரம் காலியாகும் என்று கணக்கு. விழுப்புரம் என்றால் நிதானமாக சொந்தக் கதையை ஆரம்பிக்கலாம். எழும்பூர் என்று சொல்லிவிட்டால் கிட்னியில் கல் எடுத்தது வரைக்கும் வந்துவிடும்.

நான் திண்டுக்கல்லில் ஏறுகிறவள். அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எப்போதும் செகண்ட் சிட்டிங்தான். ஏசி சேர் காரில் போனால் கசங்காமல் போகலாம். ஆனால் அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை, எனக்கு நேரம் போகாது.

போன தடவை எதிரே ஒரு பெரியவர். நாகல்நகர் பக்கம் பூட்டுப் பட்டறையில் கை தேய்ந்தவர். மாங்காய்ப் பூட்டைப் பற்றி ஆரம்பித்தவர் மணப்பாறை தாண்டியும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பூட்டும் கையால் செய்வது, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்றார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே என்று எனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டேன். "குடுத்தாங்கம்மா. அரத்தைப் பிடிக்க ஒரு பையன் வரமாட்டேங்கிறானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன். முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள் என்று ஸ்டேஷனில் அறிவிப்பு ஓடும். அதைக் கேட்டுக்கொண்டேதான் எல்லாரும் ஏறுகிறோம், ஏறியதும் புளிசாதத்தைப் பிரிக்கிறோம்.

எனக்குப் பிடிக்காத பேச்சும் ஒன்று உண்டு. பக்கத்தில் இருந்த அம்மா அரியலூருக்கு முன்னாலேயே அதைத் தொடங்கினார். "திண்டுக்கல்ல எங்கம்மா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்."

"அது டவுனு. பூர்வீகம்?"

"அதுவும் அங்கதான்."

"குலதெய்வம்னு ஒண்ணு இருக்குமில்ல?"

பெயருக்குப் பின்னால் வால் இருந்திருந்தால் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். நம்மூரில் பெரும்பாலும் விட்டும்விட்டார்கள். அதனால் கேள்வி குலதெய்வம், பங்காளி, கல்யாணத்தில் தாலி எப்படி என்று ஊரைச் சுற்றி வருகிறது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். இந்த அம்மா எனக்காகத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் பதில் சொன்ன அடுத்த நிமிடம் பேச்சின் சுதி மாறும். ஒன்று 'நம்ம பொண்ணு' ஆகிவிடுவேன், இல்லையென்றால் 'ஓ, அப்படியா' வரும். இரண்டும் எனக்கு வேண்டாம். "சாமியெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் பாத்துக்குவாரு" என்று சிரித்து வைத்தேன். அவருக்கே ஒரு சாமியும் தெரியாது என்பது வேறு கதை.

அம்மா விடவில்லை. விருத்தாசலத்தில் ஒருமுறை, மேல்மருவத்தூர் கோபுரத்தைக் கும்பிட்ட கையோடு ஒருமுறை. கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மகனுக்கு முப்பத்து மூன்று வயது, பெண் அமையவில்லை. எனக்குத் தங்கச்சி இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை குலதெய்வமும்.

"இல்லம்மா. ஒரே பொண்ணு நான்."

தாம்பரம் வந்துவிட்டது. டிக்கெட்டின் பின்பக்கம் மகனுடைய போன் நம்பரை எழுதி என் கையில் திணித்தார். "தெரிஞ்ச எடத்துல நல்ல பொண்ணா இருந்தா சொல்லும்மா. யாரா இருந்தாலும் பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.