ஈயக்குண்டும் வளைகிற கம்பும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் பாம்பனுக்கு லீவில் வந்தால்தான் மாமாவைப் பகலில் கரையில் பார்க்க முடியும். இந்த முறை கனடாவிலிருந்து இரண்டு தூண்டில் ராடுகளையும் கொண்டுவந்தேன். கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்த மாமா, நீளமானதை வாங்கி நுனியை மணலில் அழுத்தினார். பாதிக் கம்பு வரை வளைந்தது.

"என்ன மாப்பிள்ளை, இவ்வளவு தொளதொளன்னு இருக்கு? ஒரு சீலா அடிச்சா தாங்குமா?"

அங்கே முதல் ராடு வாங்கியபோது எனக்கும் இதே எண்ணம்தான்.

ஸ்கார்பரோவில் குடியேறிய புதிதில் ஒன்டாரியோ ஏரியைப் பார்த்துக் கடல் என்றே நினைத்தேன். அக்கரை தெரியவில்லை, ஆனால் உப்பு வாசம் இல்லை. அது இல்லாமல் ரொம்ப நாள் தவித்தேன். வேலையிடத்து நண்பர் தன் படகில் சினூக் சால்மன் பிடிக்கக் கூட்டிப்போன பிறகுதான் அந்த ஊரில் கால் ஊன்றியது. மீன்பிடி லைசென்ஸ் எடுத்தேன். நம் ஊர்ப் பழக்கத்தில், வளையாத முரட்டு ராடாகப் பார்த்து வாங்கினேன். முதல் கோடையில் கடித்த மீனெல்லாம் தப்பிப் போனது.

கோடையில் சால்மன் குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். அதற்குத்தான் டவுன்ரிகர். ஐந்து கிலோ அளவு ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். நம் தூண்டில் நூலை அந்தக் குண்டோடு ஒரு கிளிப்பில் மாட்டி, ராடில் நூல் சுற்றியிருக்கும் ரீலைச் சுழற்றி நூலை இறுக்கி, ராடை வில்லாக வளைத்து நிறுத்த வேண்டும். மீன் கடித்ததும் கிளிப் நூலை விட்டுவிடும். அந்த நொடியில் நூல் தொய்யும். ராடு நிமிர்ந்து அந்தத் தொய்வை எடுத்துக்கொண்டால்தான் முள் வாயில் நிற்கும். முரட்டு ராடு வளைவதே இல்லை, அப்புறம் எங்கே நிமிர்வது? எட்டரை, ஒன்பது அடியில், நடுவரை வளைகிற ராடுதான் இதற்குச் சரி. கண்ணாடியிழை கலந்ததாக இருந்தால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

"அப்ப இது?" என்று மற்றதைக் காட்டினார். அது பிளேனர் போர்டுக்கு. நூலில் மாட்டும் சின்னப் பலகை, படகு ஓட ஓடப் பக்கவாட்டில் விலகிப் போகும். மேல்மட்டத்தில் நிற்கும் மீன் படகுச் சத்தத்தில் விலகினாலும் தூண்டில் அதன் பக்கம் போய்விடும். பலகை தண்ணீரை வெட்டிக்கொண்டு ஓயாமல் இழுக்கும். அதனால் நுனி இளகியிருந்தாலும் அடிப்பக்கம் தடிமனாக, பலமாக இருக்க வேண்டும். நீளம் ஏழெட்டு அடி போதும்.

மாமா வடகடலைப் பார்த்தார். பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லை. "நமக்கு குண்டு வேணாம். பலகைதான்" என்றார்.

ஆனாலும் நீள ராடை அவர் கீழே வைக்கவில்லை. நூல் முனையை என் கையில் கொடுத்துப் பத்தடி தள்ளிப் போகச் சொன்னார். கம்பு வில்லாக வளைந்ததும், "விடு" என்றார். விட்டேன். நுனி விசுக்கென்று நிமிர்ந்தது.

"திரும்பப் பிடி" என்றார்.